ஞாயிறு சாயந்திரம் வயிறு பிசைகிறது என்றால்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வரும் 34 வயதுப் பெண். மருந்து கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் 9 வருடமாக வேலை பார்க்கிறார். "சம்பளம் பரவாயில்லை. மேனேஜர் நல்லவர். யாரும் தொல்லை கொடுப்பதில்லை. ஆனாலும் ஞாயிறு சாயந்திரம் ஆனாலே வயிறு பிசைகிறது. என்னிடம் மோட்டிவேஷனே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. கேக் செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலையோ? இதை விட்டுவிட்டு பேக்கரி வைக்கலாமா?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "போன மாதம் ஒரு நாள் மட்டும் நன்றாக இருந்தது. மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எச்.பி.எல்.சி. மெஷினில், கிராஃபில் எழும் முகடு (பீக்) வழக்கமான நேரத்துக்கு வராமல் தள்ளித் தள்ளி வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஏழரை மணி பஸ் போய்விட்டது. அது வேறு விஷயம்."

அது வேறு விஷயம் இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 27 வருடம் பணியாளர் துறையில் இருந்தவன் நான். வேலைக்கு ஆள் எடுத்ததும் நான்தான், ராஜினாமா கடிதத்தோடு வந்தவர்களை உட்காரவைத்துப் பேசியதும் நான்தான். "எனக்கு மோட்டிவேஷன் இல்லை சார்" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவர்கள் நிறையப் பேர். அதே ஆள் ஊரில் மாசிமகத்துக்குப் பந்தல் போடும்போது இரண்டு ராத்திரி தூங்காமல் நிற்பார். ஊக்கம் என்பது சிலருக்கு நிறையவும் சிலருக்குக் குறைவாகவும் பிறவியிலேயே ஊற்றிக் கொடுத்த எண்ணெய் மாதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு ஆளுக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் நடுவில் பற்றிக்கொள்வது. அதனால் "எனக்கு ஊக்கம் இருக்கிறதா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எதைச் செய்யும்போது எனக்கு அது வருகிறது" என்று கேட்டால் கிடைக்கும்.

முதலில் உங்களைக் குழப்பிக்கொண்டிருக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக இருக்கிறது, பிறகு ஏன் இப்படி?

1959-இல் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிட்ஸ்பர்க் பக்கம் 200-க்கும் மேற்பட்ட என்ஜினீயர்களையும் கணக்காளர்களையும் கூப்பிட்டு, வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு சமயத்தையும் மிகவும் நொந்துபோன ஒரு சமயத்தையும் சொல்லச் சொன்னார்கள். நொந்துபோன கதைகளில் கம்பெனி விதிமுறை, மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் இதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. சந்தோஷக் கதைகளில் வந்தது வேறு: ஒன்றைச் சாதித்தது, அதை நாலு பேர் கவனித்தது, பொறுப்பு கையில் வந்தது, வேலையே பிடித்திருந்தது. அதிலிருந்து அவர் சொன்னது, வேலையில் வெறுப்பு இல்லாமல் இருப்பதும் வேலையில் நிறைவு இருப்பதும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் அல்ல, இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்பது. முள்ளை எடுத்துவிட்டால் கால் வலி போகும். பசி போகாது.

இந்த ஆய்வின் மேல் ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. மனுஷன் நல்லது நடந்தால் தன்னால் என்பான், கெட்டது நடந்தால் அடுத்தவனால் என்பான், அதனால் கதைகள் அப்படித்தான் பிரியும் என்றார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளத்தை வெறும் முள் பட்டியலில் மட்டும் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் நிலைமைக்கு அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நீங்கள் எழுதிய முதல் மூன்று வாக்கியங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சம்பளம், மேனேஜர், தொல்லை இல்லாமை. மூன்றும் முள் இல்லை என்றுதான் சொல்கின்றன. எது பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. உங்களுக்குக் குறை இல்லை, ஆனால் பசி இருக்கிறது. அதை நன்றி கெட்டதனம் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனநிறைவு பற்றிப் பேசினாலே சிலர் சம்பளப் பேச்சை ஓரம் தள்ளிவிடுவார்கள். நம் ஊரில் அதைச் செய்யக் கூடாது. 8 மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக மில் தொழிலாளர்கள் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டு 12 பேர் செத்த ஊர் புதுச்சேரி. என் அப்பா முதலியார்பேட்டையில் மில் தறி ஓட்டியவர். சங்கத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டியவர், போனஸ் பேச்சுவார்த்தைக்கு முன்வரிசையில் நின்றவர். அதே மனுஷன், வரிசையாக ஓடும் தறிகளுக்கு நடுவில் நடந்து போகும்போது சட்டென்று நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த இரைச்சலில் ஒரு தறியின் தட்டு மட்டும் அரை நொடி தாமதமாக விழுவது அவருக்குக் கேட்கும். போய்க் கையை வைப்பார், சரியாக அதே தறியாக இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே அம்மாவிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கூலிக்காகப் போராடியதும் தறியைக் காதால் பிடித்ததும் ஒரே ஆள்தான். ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

நான் உங்களுக்குப் பதில் எழுதும் முன் அன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதி அனுப்பச் சொன்னேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அது வேறொரு ஆள் எழுதியது மாதிரி இருந்தது. பீக் தள்ளிப் போவதைப் பார்த்ததும் அந்தப் புதுப் பெண் மெஷினில் இருக்கும் 'காலம்' (column) என்ற குழாயை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, காலையில் ஓடிய கிராஃபையும் மதியம் ஓடிய கிராஃபையும் பிரின்ட் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். காலையில் எல்லாம் சரி. மதியம் என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, மதியம் பஃபர், அதாவது மெஷினில் ஓடும் கரைசல், புதிதாகப் போட்டது என்ற இடத்தில் நின்றிருக்கிறீர்கள். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரை அன்று கேலிப்ரேட் செய்யாமலே, அதாவது அளவு சரிபார்க்காமலே, யாரோ பஃபர் தயாரித்திருக்கிறார்கள். கேலிப்ரேட் செய்து பார்த்தால் பஃபரின் பி.எச். விலகியிருந்தது. புது பஃபர் போட்டு ஓட்டியதும் பீக் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. "அந்தப் பொண்ணு கை தட்டிடுச்சு சார்" என்று எழுதியிருந்தீர்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு பேர் 1970-களிலிருந்து இந்த விஷயத்தையே ஆராய்ந்தவர்கள். மனுஷனுக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இதை நான்தான் செய்கிறேன் என்ற உணர்வு, என் கை தேறிக்கொண்டு வருகிறது என்ற உணர்வு, நாலு மனுஷரோடு ஒட்டி இருக்கிறேன் என்ற உணர்வு. அன்றைக்கு உங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பிரச்சினை எளிதாகவும் இல்லை, கைக்கு எட்டாததாகவும் இல்லை. பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒரு பெண் இருந்தார். மூன்றும் ஒரே மேஜையில் இருந்தன. பஸ் போனது தெரியாததில் ஆச்சரியமே இல்லை.

மற்ற நாள் எப்படி? சாம்பிள் வரும், எழுதி வைத்த முறைப்படி ஓட்ட வேண்டும், ரிப்போர்ட், கையெழுத்து, அடுத்த பேட்ச். மருந்து லேபில் முறையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. சாப்பிடுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது. 9 வருடம் ஆனதும் அந்த முறை உங்கள் கைக்குப் பழகிவிட்டது, கற்பதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. உங்கள் சீனியாரிட்டி ஏற ஏற நீங்கள் ஆளோடு பேசுவது குறைந்து ஃபைலோடு பேசுவது கூடியிருக்கும். இதுதான் ஞாயிறு சாயந்திரம் வயிற்றைப் பிசைகிறது என்று நான் நினைக்கிறேன்.

காசு கொடுத்தால் ஊக்கம் வந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அந்தத் தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த ஒரு ஃபேக்டரியில், மெஷின் ஓட்டுகிறவர்கள் டீ நேரத்தில் சூபர்வைசரைப் பிடித்து, "சார், இந்தத் தகட்டை இப்படித் திருப்பி வெச்சா டப்பா சிக்காது" என்று சொல்வார்கள். யாரும் கேட்காமலே. அதைப் பார்த்துவிட்டு நான் ஒரு திட்டம் போட்டேன். ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு யோசனைக்கும் 500 ரூபாய். முதல் மாதம் பெட்டி நிரம்பியது. மூன்றாவது மாதம், ஒரே யோசனையை நான்காக உடைத்து நான்கு சீட்டாகப் போட ஆரம்பித்தார்கள். யார் முதலில் சொன்னது என்று பத்து வருடப் பழக்கம் உள்ள இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து நிர்வாகம் செலவு என்று திட்டத்தை நிறுத்தியது. அதற்கப்புறம் டீ நேரத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் தங்களுடையது என்று கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு நான் விலைச்சீட்டு ஒட்டிவிட்டேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் ரிட்டயர் ஆகும் நாள்வரை மற்றவரோடு பேசவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பல வருடம் கழித்துத்தான் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்க்கும் ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும் நடுவில் ஒரு நாள், போட்ட ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். அடுத்த முறை காசு இல்லை. சோதனைக்கு நடுவே சும்மா விட்டிருந்த நேரத்தில் யார் தானாகப் புதிரைத் தொடுகிறார்கள் என்று கவனித்தார். காசு வாங்கிய குழு முன்பைவிடக் குறைவாகத் தொட்டது. சின்னக் குழுவில் செய்த சோதனைதான். பிறகு பல இடங்களில் இதைச் செய்து பார்த்தார்கள், இது எவ்வளவு தூரம் உண்மை என்று நீண்ட வாக்குவாதமும் நடந்தது. ஏற்கெனவே ஆசையோடு செய்யும் வேலைக்குத்தான் இது பொருந்தும், மூட்டை தூக்குகிறவருக்குக் கூலி ஏற்றினால் ஊக்கம் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. அதே சோதனை வரிசையில் மனதார ஒரு பாராட்டு சொன்னபோது ஆர்வம் குறையவில்லை.

பேக்கரிக் கேள்விக்கும் இது தேவை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேக் செய்வது யாரும் கேட்காமல், யாருக்குப் பிடிக்குமோ அவர்களுக்காக. பேக்கரி என்றால் விடிகாலை 4 மணி, 30 ஆர்டர், அதில் 25 அதே பிளாக் ஃபாரஸ்ட், பாக்கி வைக்கும் வாடிக்கையாளர், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வாடகை, கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ். சிலருக்கு அதுவும் பிடிக்கும், அவர்கள் வைக்கட்டும். உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள வேலையை விட வேண்டியதில்லை. மூன்று மாதம் சனி ஞாயிறு காசுக்கு ஆர்டர் எடுத்துச் செய்து பாருங்கள். அதே கேக்கை எட்டாவது முறை செய்யும்போது மனசு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதோடு ஒன்று கேட்கிறேன்: கேக் செய்வதில் உங்களுக்குப் பிடித்தது எது? ருசியா, அலங்காரமா, இல்லை ஸ்பாஞ்ச் நடுவில் இறங்கிப் போனால் ஏன் இறங்கியது என்று மாவையும் சூட்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதா? கடைசியில் சொன்னதுதான் என்றால், உங்களுக்குப் பிடித்தது பேக்கரி இல்லை, அந்த பஃபரை மோப்பம் பிடித்த அதே வேலை.

இதைக் கண்டுபிடிக்க நான் நிறையப் பேருக்குச் சொன்ன ஒரு வழி உண்டு. சாயந்திரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி கன்னியக்கோவில் வருவதற்குள் போனில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று யாரும் சொல்லாமல் நான் செய்தது எது? எந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்? அவ்வளவுதான். "இன்று சந்தோஷமா" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், அதற்கு அன்றைய வெயிலும் கூட்டமும்தான் பதில் சொல்லும். செய்ததை எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து மொத்தமாகப் படியுங்கள். ஒரு ஸ்டோர் கீப்பர் இப்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினார். பாதி நாளில் அவர் யாரும் சொல்லாமல் செய்தது, லாரி டிரைவர்களுக்கு வழியும் சாப்பாட்டுக் கடையும் சொன்னது. டிஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றினோம், அந்த ஆள் மலர்ந்தே போனார்.

வீட்டுக்காக வேலை செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நான் காசுக்காகத்தான் போகிறேன், அதனால்தான் நிறைவு இல்லை" என்று சிலர் தங்களைத் தாழ்த்திக்கொள்வார்கள். தங்கையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் சம்பளத்தை எடுத்து வைப்பது சின்னக் காரணம் இல்லை. அது நீங்களே மதிக்கும் காரணமாக இருந்தால் அதுவும் உங்கள் சொந்த ஊக்கம்தான். ஆனால் நெய்வேலியில் வேலை கிடைத்தவனைப் பார், அரசு வேலைக்குப் போனவளைப் பார் என்று அடுத்த வீட்டார் சொல்லி, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் ஒரு வேலையில் இருப்பது வேறு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கூச்சத்துக்காகச் செய்கிற வேலை ஆளை உள்ளே அரித்துவிடும். உங்களுடையது எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், இதை விட்டுவிடக் கூடாது: கேக் செய்வதும் பிடிக்கவில்லை, குழந்தையோடு விளையாடவும் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வேலைப் பிரச்சினை இல்லை. அப்போது என் பதிலை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி என்ன செய்வது? முறையை மாற்ற முடியாத வேலையில் மாற்றக்கூடியதைத் தேட வேண்டும். 2001-இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இருவர் ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார்கள். ஒரே சம்பளம், ஒரே வேலைப் பட்டியல். சிலருக்கு அது தரை துடைப்பது. சிலர் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசினார்கள், திகைத்து நிற்கும் உறவினருக்கு வழி காட்டினார்கள், தங்களையும் நோயைக் குணமாக்கும் கூட்டத்தில் ஒருவராக நினைத்தார்கள். இதை வைத்து "எல்லாம் நம் மனசில்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வேலையையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம்.

உங்கள் லேபில் ரிசல்ட் வரம்புக்கு வெளியே போனால் காரணம் தேடி அறிக்கை எழுதும் வேலை ஒன்று உண்டு. எல்லாரும் அதைக் கண்டு ஓடுவார்கள், பேப்பர் வேலை அதிகம் என்று. அதைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் கேளுங்கள். மேனேஜர் நல்லவர் என்கிறீர்கள். நல்லவரிடம் "எனக்குச் சலிப்பாக இருக்கிறது" என்று சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "வாரத்தில் ஒரு நாள் வழக்கமான சாம்பிளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இந்த இரண்டையும் நான் பார்க்கிறேன்" என்று சொன்னால் அவரால் முடியும் என்றோ முடியாது என்றோ பதில் சொல்ல முடியும். பேசப் போகும்போது அந்த பஃபர் ராத்திரியின் இரண்டு கிராஃபையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். முடியாது என்றே சொல்லிவிட்டால் அப்போது வெளியே தேடலாம், அப்போதும் தேட வேண்டியது ஆய்வு முறைகளை உருவாக்கும் பிரிவு இருக்கிற இடத்தை. இன்னொரு லேபில் அதே சாம்பிளை அதே மாதிரி ஓட்டுவதற்கு 3,000 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று மாறினால் ஒரு வருடத்தில் எனக்கு மறுபடி இதே கடிதம் எழுதுவீர்கள்.

இன்னொன்று, இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு லீவு நாளில் மஞ்சக்குப்பம் பக்கம் போனால் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆடம் கிராண்ட் என்பவரும் சில ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரிக்கு நன்கொடை கேட்டு போன் செய்யும் ஊழியர்கள் அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடம் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. நீங்கள் 9 வருடமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மாத்திரையை முழுங்குகிற ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. கையில் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போகும் பாட்டிகள் அங்கே இருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது உங்கள் கம்பெனி மாத்திரையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நாளைக்கு லேபுக்குப் போனதும் முதல் காரியமாக அந்தப் புதுப் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள்: இப்போது காலையில் வந்ததும் பி.எச். மீட்டரை யார் கேலிப்ரேட் செய்கிறார்கள் என்று. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.